ஒரு நீள விசில்

"உள்ளறையிலே இன்னும் தீ பிடிக்கலை. ஒரே ஒரு தடவை போயிட்டு வா. ஆனா நீளமா ஒரு விசில் கேட்டுதுன்னா, கையிலே என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடி வந்துடணம். கேட்டியா?"

ஸ்டேஷன் ஆபீசர் ராமபத்ரன் ஊரே கேட்க உரக்கச் சொன்னார். ஃபயர்மேன் மாரப்பன் தலையை ஆட்டினான். பயிற்சி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அங்கே ஒருநாள் விசிலுக்குத் தாமதமாக வந்ததற்கு மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டார்கள். அந்த வலி காலுக்கு இன்னும் மறக்கவில்லை.

பெருமாட்டி கிராமத்தில் பட்டப்பகலில் ஒரு பனையோலை வீடு எரிந்துகொண்டிருந்தது. ஆட்களெல்லாம் வெளியே வந்தாயிற்று. ஆனாலும் வீட்டுக்காரி பூவாத்தாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதறினாள்.

"தகரப் பொட்டிங்க! அதுக்குள்ளதானுங்க மனைப் பட்டயம் இருக்குது! குடியிருக்கற மனை நமக்கேன்னு சட்டம் வந்ததுலிருந்து அஞ்சு வருசம் ஆபீசு ஆபீசா நடந்து, போன மாசந்தானுங்க கைக்கு வந்துச்சு!"

மாரப்பன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே தவழ்ந்தான். புகை மேலே, மூச்சு கீழே. படித்த பாடம் அதுதான். பூவாத்தாள் வீட்டைச் சுற்றி ஓடி, பின்பக்கத் தென்னைமரத்தடியில் நின்று ஜன்னல் வழியே கத்தினாள்.

"இடது பக்கமுங்க! கட்டிலுக்கு அடியிலீங்க!"

விரலில் தகரம் தட்டியது. இழுத்தான். கட்டில் காலில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது சனியன். மறுபடி இழுத்தான். அசைந்தது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு...

பீ.......!

'அட பாவி, இப்பத்தானா ஊதணும்?'

கை விட மறுத்தது. கால் கேட்கவில்லை, அதுபாட்டுக்கு ஓடி வந்துவிட்டது.

"வெறுங்கையோட வர்றாம் பாரு!" வேடிக்கை பார்த்த கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற அப்புசாமி சும்மா விடவில்லை. "சர்க்கார் சம்பளம் வாங்குறவனுக்கு உசுரு வெல்லக்கட்டியாட்ட இருக்குது!"

"விசில் கேட்டா வந்துரோணுமுங்க" என்றான் மாரப்பன்.

"அப்ப ஊதுன ஆபீசரைச் சொல்லோணும். அவரு சொந்த ஊடா இருந்தா ஊதியிருப்பாரா?"

மாரப்பனுக்குக் கண் எரிந்தது. புகை பாதி, அவமானம் பாதி.

அப்போதுதான் மடாரென்று ஒரு சத்தம். உள்ளறைக் கூரை அப்படியே உட்கார்ந்தது. கட்டில் இருந்த இடத்தில் தீ ஆளுயரம் எழும்பியது.

அப்புசாமி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

மாரப்பன் மண்ணில் உட்கார்ந்தான். கையைத் தொட்டுப் பார்த்தான், காலைத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தது. "அப்பாடா!" என்றான் வாய்விட்டு. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கிணற்றுப் பக்கமிருந்து ராமபத்ரன் தலைதெறிக்க ஓடி வந்தார். அவனைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டார்.

"பகவானே! உள்ளே மாட்டிண்டியோன்னு ஆடிப்போயிட்டேன்டா!"

"நீங்க நேரத்துக்கு ஊதுனதாலதானுங்க ஐயா பொழச்சேன்."

"நானா? பம்பு தண்ணி இழுக்கலைன்னு நான் கிணத்தங்கரையிலேன்னா நின்னுண்டிருந்தேன்? விசில் என் ஜேபியிலேயே இருக்கே!"

"அப்ப ஊதுனது யாரு?" என்றான் அப்புசாமி.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கமிருந்து பூவாத்தாள் ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை வீறிட்டது. அதன் கழுத்துக் கயிற்றில் விளையாட்டுக்குக் கட்டிவிட்டிருந்த, கண்டக்டர் புருசனின் பழைய பஸ் விசில் அவள் கையில் இருந்தது.

"நான்தானுங்க ஊதுனேன். விட்டம் முறியறது பின்னால நின்ன எனக்குத்தானுங்க தெரிஞ்சுது. ஐயா சொன்ன மாதிரியே நீளமா ஊதிப்போட்டனுங்க" என்று மூச்சு வாங்கினாள். எரிகிற வீட்டை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அந்தத் தம்பி வெளிய வந்துட்டாருங்களா?"