கோல்கீப்பருக்குத் தோள்வலி

"ஸ்கேன் ரூமுக்கு வெளியதான் நிக்கேன். உள்ள ஒரு ஆளு கெடக்காரு. அவரு வந்தாத்தான் நான் போவ முடியும்" என்று போனில் முனகியபடி வலது தோளைத் தடவினான் ஷிஜின்.

போனை அணைத்ததும் தடவல் நின்றது. அவன் நின்றது வடசேரியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. எதிரே இருந்தது உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறை. கதவு கிடையாது, பச்சைத் திரை மட்டும். அவன் கையில் கறுப்பாக ஒரு வெட்சூட் தொங்கியது. கடலில் முங்குகிறவர்கள் உடம்போடு ஒட்டப் போடுகிற ரப்பர் உடை.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜெமி. இரண்டு வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறாள். அந்தமானில் இருவரும் ஸ்கூபா முங்குவது என்று போனிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள்.

டிக்கெட் கிடைத்த வாரத்தில்தான் ஊர்த் திருவிழாவும் வந்து விழுந்தது. எட்டாம் நாள் கடியப்பட்டணம் அணியோடு கால்பந்து, ஷிஜின்தான் கோல்கீப்பர். தோள் பிசகிவிட்டது, திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் என்று ஊரில் சொல்லியாயிற்று.

முங்கும் இடத்திலேயே வெட்சூட் வாடகைக்குக் கிடைக்கும் என்று கடைக்கார டைட்டஸ் நியாயமாகச் சொல்லிப் பார்த்தார். ஜெமி மசியவில்லை.

"எத்தன பேரு அதுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போனானோ. எனக்கு வேண்டாம்."

அந்தக் கடலில் குளிர் இல்லை, மூன்று மில்லிமீட்டர் கனம் போதும் என்றார் டைட்டஸ். தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடும், இறுக்கம்தான் சரி. ஜெமிக்கு நீலக்கோடு போட்டது பொருந்திவிட்டது. வலை இழுத்து விரிந்த ஷிஜினின் தோளுக்குத்தான் எந்த அளவும் போதவில்லை. கடைசியாக ஒன்று கிடைத்தது, அறை கிடைக்கவில்லை.

"உள்ள நிக்க சாரும் அந்தமானுக்குத்தான் போறாரு" என்றார் டைட்டஸ். கடைசியாக முங்கி ஒரு நாள் கழியாமல் விமானம் ஏறக் கூடாது என்று சொன்னதும் அந்த ஆள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாராம். சனிக்கிழமை இரவுக்குள் வீடு வந்து சேர வேண்டுமாம். எல்லாருக்கும் ஞாயிறு ஓய்வு, அவருக்கு அன்றுதான் வேலையாம்.

"எறச்சிக்கட வச்சிருப்பாரு" என்றான் ஷிஜின். டைட்டஸ் சிரித்துக்கொண்டே, உள்ளே நிற்பவருக்குப் பெரிய அளவு எடுக்க ஏணியில் ஏறினார்.

திரைக்குப் பின்னால் மூச்சிரைத்தது. ஷிஜின் பக்கத்தில் போய், இறுக்கமாக இருக்கிறதா என்று விசாரித்தான். கழுத்து நெரிகிறது என்று நெரிந்த குரலிலேயே பதில் வந்தது.

முகம் தெரியாத ஆள். அவனுக்குப் பேச வேண்டும்போல இருந்தது. "அண்ணே, கடலுக்குள்ள போவதுக்குப் பைசா குடுத்துச் சட்ட வாங்குத மொத ஆளு எங்க ஊருல நான்தான்" என்று தொடங்கி, தோள் கதை முழுவதையும் சொல்லி முடித்தான்.

"சரி. வேற?" என்றது உள்ளே இருந்த குரல்.

"வேற என்ன? எங்க கோயில் ஃபாதருக்குப் பந்துன்னா உயிரு. இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்னு சொல்லிற்று இருந்தாரு. வீட்டுக்கே வந்து எனக்க தோள்ல கைய வச்சு செபம் பண்ணினாரு. அதுக்குப் பெறவுதான் நெசமாவே வலிக்கு."

ஜெமி அவன் விலாவில் இடித்தாள். ஆனால் அவனால் நிறுத்த முடியவில்லை.

உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டது குரல்.

"எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவேன்? திருவிழாக் கொடி எறக்கின மறுநாளே அவரு ஒரு வாரம் தியானத்துக்குப் போறாரு. ஊருக்காவ செபிக்கப் போறாரு. நான் பொய் சொல்லிற்று மீன் பாக்கப் போறேன்."

உள்ளே ஒரு இருமல்.

"பெண்டாட்டிக்கு லீவு எப்ப முடியுது?"

"திருவிழா முடிஞ்ச மூணாம் நாளு" என்றாள் ஜெமி. "பெறவு ரெண்டு வருசம் கழிஞ்சுதான்." இதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"அப்ப போயிற்று வாங்க. கோலுக்கு வேற ஆளு நிக்கட்டு."

"அத நீங்க சொன்னாப் போருமா அண்ணே" என்று சிரித்தான் ஷிஜின்.

திரை விலகி ஒரு கறுப்பு முதுகு மட்டும் வெளியே வந்தது. ஜிப் கழுத்தடியிலேயே துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. கீழே இழுத்துவிடச் சொன்னார் அந்த ஆள். ஷிஜின் வலது கையால் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். வலை இழுக்கிற கை. ஜிப் இடுப்புவரை வந்தது.

கழுத்து விடுபட்ட ஆள் நீளமாக மூச்சு விட்டுவிட்டுத் திரும்பினார்.

ஜெமி சட்டென்று ஷாலை எடுத்துத் தலையில் போட்டாள். ஷிஜினின் கை தானாகப் போய்த் தோளைப் பிடித்தது, இடது தோளை.

"பொய்க்குப் பரிகாரமா நீ மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு மக்கா, நான் ஆறு சொல்லுதேன்."