முதல் கருத்து

மதியம் இரண்டே முக்காலுக்கு முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த சிவசங்கர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கேட்டான்.

“யாரு வினோ அந்த வெண்ணிலா?”

வினோலியா இணையத்தில் விண்வெளித் தொடர்கதை ஒன்று எழுதுகிறாள். நாயகியின் அம்மா பூமிக்காரி, அப்பா வேற்றுக்கிரகத்தான். சிவசங்கர் அதில் ஒரு வரி படித்ததில்லை. வாசகர் கருத்துகளை மட்டும் விடாமல் படிப்பான்.

“கதை படிக்கறவங்க.”

“பொம்பளை பேர்ல எவனோ. வெள்ளிக்கிழமை நீ கதை போட்ட பத்தாவது நிமிஷம் மொத ஆளா வந்து நிக்கறான். ‘கண்ணு முழிச்சி எழுதாதம்மா, ஒடம்பு கெட்டுடும்’கிறான். உன் ஒடம்பப் பத்தி அவனுக்கு என்ன?”

“இன்னிக்கு வந்ததைப் படிச்சீங்களா?”

“வண்டி ஓட்டிக்கினு எப்படிப் படிக்க?”

அவள் தன் போனை நீட்டினாள்.

‘அந்தப் புள்ளைக்குப் பலாப்பழம் மட்டும் குடுத்துடாதம்மா. அவ அப்பனுக்கு ஒரு சுளை தின்னாலே ஒடம்பெல்லாம் தடிச்சிப்போவும்.’

சிவசங்கர் ஹெல்மெட்டைக் கழற்றினான். காடாம்புலியூரில் பலாத்தோப்புக்கு நடுவே பிறந்தும், ஒரு சுளையைத் தொடாமல் வளர்ந்தவன் அவன். வேறு மதத்துப் பெண்ணைக் கட்டினான் என்று அவனுடைய அம்மா ஆறு வருஷமாகப் பேசவில்லை. அவர்களுடைய ஐந்து வயது மகளை இன்னும் பார்த்ததுமில்லை.

“கீழ இன்னொரு வரி இருக்கு பாருங்க” என்றாள் வினோலியா. “அவளை அவ அப்பன் பொறந்த கிரகத்துக்கு எப்ப அழைச்சிக்கினு வருவேன்னு அத்தை கேட்டிருக்காங்க. என்னன்னு பதில் எழுதட்டும்?”