சொல்லக் கூடாது

அவள். அவன். கொளத்தூர் வண்ணமீன் கடையிலிருந்து வந்த தனகோடி. தொட்டித் தண்ணீருக்குள், பல்லி மாதிரி, இரண்டு ஆக்ஸலாட்டல்கள்.

ஞாயிறு, காலை பதினொரு மணி. பெரம்பூரில் ஒரு இரண்டாவது மாடி.

அவன் இன்று ஓசூர் போகிறான். வேலை அங்கே மாறிவிட்டது. அவள் போகவில்லை. பிரிவு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை. அவன் பெட்டிகள் கீழே வண்டியில் ஏறிவிட்டன.

தொட்டியில் இருப்பதில் ஆளுக்கு ஒன்று என்று முடிவு. சேர்த்து வைத்தால் முட்டைக்கு மேல் முட்டை. பெண் இளைத்துச் செத்துப்போகும் என்று தனகோடி சொல்லியிருந்தார். ஆணை அவன் எடுத்துக்கொள்வான்.

எது ஆண் என்றுதான் தெரியவில்லை.

இரண்டும் வெளிறிய இளஞ்சிவப்பு. ஒரு சாண் நீளம், நான்கு கால், வால். கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். முகத்தில் எப்போதும் சிரிப்பு. வாயின் அமைப்பே அப்படி.

தனகோடி ஒன்றைத் தண்ணீரோடு கண்ணாடி டப்பாவில் மொண்டு ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். அடியிலிருந்து பார்க்க வேண்டுமாம். பின்னங்கால்களைத் தாண்டி, வால் தொடங்கும் இடத்தில் புடைத்திருந்தால் ஆண். அங்கே தட்டையாக இருந்து வயிறு அகலமாக இருந்தால் பெண். ஒன்றரை வயது ஆகும்வரை எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாதாம்.

அவள் ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும். டப்பாவை அவள் பக்கம் நீட்டினார்.

"நீங்க பாக்காததா மேடம். நீங்களே சொல்லுங்க. ஆணா, பொண்ணா?"

"சொல்லக் கூடாது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பதினொரு வருடப் பழக்கம். வரவேற்பறையில், சொல்வது குற்றம் என்று பலகை இருக்கிறது. கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று வருகிற பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுவிட்டு, டாக்டரிடம் கேட்கப் பயந்து, அவளிடம் கேட்பார்கள். அவள் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இரண்டு வார்த்தை சொல்வாள்.

தனகோடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மீனுக்குக்கூட கேஸ் போடுவார்களா என்று கேட்டார். அவர் கடையில் நீரில் இருப்பது எல்லாமே மீன்தான்.

அவன் சிரிக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு, சமையலறையில், அவனும் இதையே கேட்டான். அப்போது பதினாறாவது வாரம். அவள் இதே இரண்டு வார்த்தையைச் சொன்னாள். அன்று இருவரும் சிரித்தார்கள்.

நான்கு நாளில் எல்லாம் முடிந்தது.

அதன் பிறகு அவன் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்த்திருப்பாள் என்று நம்பினான். மிஷின் அவள் கையில். வயிறும் அவளுடையது. தெரிந்துகொண்டே மறைக்கிறாள் என்று நினைத்தான். அப்படி நினைத்த ஒருவனோடு எட்டு மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டாள்.

கேட்காமல் ஓசூர் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

தனகோடி இரண்டாவதையும் தூக்கிப் பார்த்தார். இவன் ஆம்பளை, இவள் பொம்பளை என்று விரலால் காட்டினார். அதுவரை அந்த வீட்டில் இரண்டுமே 'அது'தான். வயிற்றில் இருந்ததும் 'அது'தான்.

ஆணை மூடி போட்ட வாளியில் விட்டார். தண்ணீர் சூடாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாளியோடு கீழே இறங்கினார்.

அவன் செருப்பு மாட்டினான். நிமிரவில்லை.

"நம்மளோடது?"

சமையலறையில் அவன் கேட்ட மறுநாள், ஸ்கேன் சென்டரில் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அவள் அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்தாள். தன் வயிற்றில் தானே ஜெல் தடவினாள். என்ன பிள்ளை என்று பார்க்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

ஆனால் கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இதயம். மற்றது எல்லாம் பிறகு.

இதயம் இருந்தது. அசையவில்லை.

அவள் கருவியை எடுத்துவிட்டாள். அதற்குக் கீழே போகவில்லை. ஜெல்லைத் துடைத்தாள். திரையை அணைத்தாள். மதியம் வந்த பதினேழு பேருக்கும் பெயர் பதிந்தாள்.

அவன் இன்னும் குனிந்தே இருந்தான். செருப்பின் வாரை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"பொண்ணு" என்றாள்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் தலையாட்டினான். சுவரைப் பிடித்து எழுந்தான். ஒரு பெயரை மெதுவாகச் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பெயரை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு படியிறங்கினான். எட்டு மாதத்தில் முதல் முறையாக, திரும்பிப் பார்த்துப் போய்வருகிறேன் என்றான்.

அவள் கதவைச் சாத்தினாள்.

மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். சாவியை இரண்டு முறை திருப்பினாள்.