இனி இரவு வேலை இல்லை

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. அப்புறம் உன்னை ராத்திரி வேலைக்குக் கூப்பிட அவங்களே நினைச்சாலும் முடியாது."

ஷூ லேஸைக் கட்டியபடியே அவன் சொன்னான். அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய மனைவி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"வாயைத் திறந்தா மெஷின்தான். காபியைக் குடிச்சுட்டுப் போங்க."

இருவருக்கும் ஒரே கம்பெனி. பெரிய அலுவலகங்களுக்கான மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி. அவன் ப்ராசஸர் வடிவமைக்கும் பொறியாளர். அவள் எதிர்க் கட்டடத்து மெஷின் ஹாலில் ஆபரேட்டர். பகலெல்லாம் வந்து குவியும் கணக்குகளை அங்கிருக்கும் கம்ப்யூட்டர் விடிய விடிய அரைத்துத் தள்ளும். டேப் மாற்றவும், பிரிண்டருக்குக் காகிதம் போடவும் ஆள் வேண்டும்.

ஒரே குழந்தையைப் பறிகொடுத்த அடுத்த மாதமே அவளைத் தூக்கி இரவு ஷிஃப்ட்டில் போட்டுவிட்டார்கள் என்று அவள் வந்து சொன்னபோது அவனுக்கு ரத்தம் கொதித்தது.

"மனுஷங்களா இவங்க? உங்க சூப்பர்வைசரை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்."

"வேண்டாங்க. வேலைக்கே உலை வெச்சுடுவாங்க" என்று தடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து கணவனும் மனைவியும் வாசற்படியில்தான் சந்தித்துக்கொண்டார்கள். லீவு நாளிலும் யாருக்கோ உடம்பு சரியில்லை, கூப்பிடுகிறார்கள் என்று அவள் கிளம்பிவிடுவாள்.

சண்டை போட முடியாதவன், மெஷினை வேகமாக்கினால் ராத்திரி வேலையே இருக்காது என்று வேலையில் இறங்கினான்.

"நம்ம மெஷின் சோம்பேறி சார்" என்று தன் பிரிவின் சீஃபிடம் வாதாடினான். "ஒருத்தர் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் வீட்ல மத்தவங்க பல்லுகூட விளக்காம நிக்கிற மாதிரி நிக்குது. பெருக்கல் நடக்கிறப்போ கூட்டல் பிரிவு சும்மா உட்கார்ந்திருக்கு. ஒண்ணையொண்ணு நம்பியிராத கட்டளைகளைச் சேர்த்தே ஓட விட்டா என்ன?"

"நம்பியிருக்கறது முந்திக்கிட்டு ஓடிட்டா? விடை தப்பாயிடுமேப்பா!"

"அதுக்கு நான் வழி பண்றேன் சார்."

சொல்வது சுலபம். முதலில் கட்டிய மாதிரி மெஷின் வேகமாகத்தான் ஓடியது. ஆனால் பழைய மெஷின் சொன்ன விடை ஒன்று, இது சொன்னது வேறொன்று. காத்திருக்க வேண்டிய கட்டளை ஒன்று, புது விடை வருவதற்குள் பழைய எண்ணையே எடுத்துக்கொண்டு ஓடியிருந்தது. சீஃப் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவன் முகத்தைப் பார்த்தே மனைவி புரிந்துகொண்டாள்.

"சரியா வரலைன்னா விட்டுடுங்களேன். எனக்காக ஏன் உடம்பைக் கெடுத்துக்கறீங்க? எனக்கு ராத்திரி வேலை பழகிடுச்சு."

எவ்வளவு பொறுமை இவளுக்கு என்று அவன் நெஞ்சு கரைந்தது. அந்த வேகத்திலேயே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினான். எந்தக் கட்டளைக்கு எதன் விடை தேவை என்று முதலில் பார்த்து, தேவைப்படுவதை நிறுத்திவைத்து, மற்றவற்றை முன்னே அனுப்பும் மின்சுற்று. அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இன்று காலை, ஓர் இரவு முழுக்க ஓட வேண்டிய வேலையை அப்படியே புது ப்ராசஸரில் போட்டுப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. விடைகள் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

சீஃப் அவன் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"அடுத்த மாசம் நம்ம ஹால்லதான் முதல்ல மாட்டப்போறோம். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு மூடுவிழா! ஆபரேட்டர் எல்லாரும் பகலுக்கு வந்துடுவாங்க. பொண்டாட்டியோட உட்கார்ந்து சாப்பிடறதுக்காக இவ்வளவு பெரிய மெஷின் கட்டினவன் உலகத்துலேயே நீ ஒருத்தன்தாம்ப்பா!"

அவன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான். அவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்மா! அடுத்த மாசத்துலேர்ந்து உனக்குப் பகல் வேலை. ஒண்ணா சாப்பிடலாம். ராத்திரி நிம்மதியா வீட்ல தூங்கலாம்."

சீப்பு பாதியில் நின்றது.

"ராத்திரி வேலை கிடையவே கிடையாதா?"

"ராத்திரியானா ஹாலையே பூட்டிடுவாங்க!"

அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டான்.

"என்னை யாரும் ராத்திரி ஷிஃப்ட்ல போடலீங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்" என்றாள் அவள். "நீங்க தூங்கினப்புறம் இந்த வீட்ல நம்ம குழந்தை இருமற சத்தம் கேக்குது. அங்க மெஷின் போடற இரைச்சல்ல அது கேக்காது. இனிமே ராத்திரியில நான் எங்கேங்க போவேன்?"