கனடா ஃபுட்போலும் ஒரு கலியாணப் பேச்சும்

"இஞ்சருங்கோ, திரும்பவும் தோத்திட்டாங்களாம்!"

யோகராணி கனடாவிலிருந்து வந்த ஏரோகிராம் கடிதத்தை மேசையில் வீசினாள். அவள் கணவர் மகேந்திரராஜா பதறிப்போய் அதை எடுத்தார்.

"ஐயையோ, எத்தினை புள்ளியாலை?"

"உங்களுக்கு அதுதான் கவலை. உனக்கு என்ன உத்தியோகம் எண்டு ஒரு வரி எழுதடா எண்டு கேட்டனான். ரெண்டு பக்கமும் ஃபுட்போல் எழுதி அனுப்பியிருக்கிறான்!"

அவன் என்றால் அவளுடைய ஒரே தம்பி சிறிதரன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இஞ்சினியருக்குப் படித்தவன். கனடாவுக்குப் போய் ஒன்றரை வருஷம். இங்கே மெல்போர்னில் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருந்தாள் யோகராணி. பெண் தங்கமான பெண். பெண்ணின் தகப்பன் நித்தியானந்தன்தான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

"இஞ்சினியர், அண்ணை."

"அது படிப்பு, தங்கச்சி. நான் கேட்டது உத்தியோகம்."

அவர் கேட்கலாம். பெரிய கொம்பனியில் கணக்குப் பார்க்கும் எக்கவுண்டன் என்று மெல்போர்னின் கிளேட்டன் பகுதித் தமிழர் எல்லாரும் எழும்பி நின்று மரியாதை கொடுக்கும் மனிதர்.

யோகராணி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். பதில் என்னவோ தவறாமல் வந்தது. ஜூலையில் அவன் ஊர் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஓகஸ்டில் இன்னும் மூன்று தோல்வி. பேர்தான் கால்பந்தாம், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேராம். மூன்று முயற்சிக்குள் பத்து யார் தூரம் போகாவிட்டால் பந்து எதிராளிக்காம்.

யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகேந்திரராஜாவுக்கோ பைத்தியம் தொற்றிவிட்டது. குசினிக் கலண்டரின் பின்பக்கத்தில் கோடு கிழித்து அட்டவணை போட்டார். மெல்போர்ன் முழுக்கத் தன் அணிகளுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இந்த மனிதர் பத்து நாளைக்கு முன்பே முடிந்துபோன கனடா ஆட்டத்துக்குக் கத்தினார். செப்ரெம்பரில் அந்த அணி அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வென்றது.

"யோகம், இண்டைக்குப் பாயசம் வையும்!"

"தம்பியின்ரை கலியாணம் குழம்பிக் கிடக்கு, உங்களுக்குப் பாயசமோ?"

ஒக்டோபரில் நித்தியானந்தன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த மாசம் முடியிறதுக்குள்ளை மறுமொழி வேணும். சிட்னியிலை ஒரு டொக்டர் மாப்பிள்ளையும் கேட்டு வந்திருக்கு."

யோகராணி அன்றே எழுதினாள்: 'உனக்கு ஃபுட்போல் வேணுமோ, கலியாணம் வேணுமோ? உத்தியோகம் என்னெண்டு எழுது. இல்லாட்டி இனி எனக்குக் கடிதமே போடாதை.'

மாதக் கடைசியில் பதில் வந்தது. மகேந்திரராஜா பாய்ந்து வாங்கினார்.

"இறுதி ஆட்டத்துக்கு வந்திட்டாங்களோ?"

நாலு வரி வாசித்தார். பிறகு கடிதத்தை மனைவியிடம் மெல்ல நீட்டினார்.

'அக்கா, நான் இன்னும் ஒரு ஆட்டமும் பாக்கேல்லை. ஆட்டம் முடிஞ்சு சனம் எல்லாம் போன பிறகுதான் எங்களை மைதானத்துக்குள்ளை விடுவினம். சனம் இருந்த கதிரையளைத் துடைச்சுக் குப்பை அள்ளுறது என்ரை வேலை. தோத்த நாளிலை குப்பை இன்னும் கூடுதல். மிச்சத்தைப் பேப்பரிலை பாத்து உங்களுக்கு எழுதுவன். இந்த நாட்டு அனுபவம் இல்லாமல் இஞ்சினியர் வேலை தரமாட்டினமாம். உங்களுக்குப் பொய் எழுத மனம் வரேல்லை, உண்மையை எழுதக் கை வரேல்லை. அதுதான் ஆட்டத்தை எழுதினனான்.'

யோகராணி அழுதுவிட்டாள். நாலு மாதமாகப் பிள்ளையைத் திட்டித் தீர்த்த தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

"அழாதையும், யோகம்" என்றார் மகேந்திரராஜா. "மைதான நிர்வாகம் எண்டு சொல்லுவம். பெரிய பொய் இல்லைத்தானே?"

"தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுறது நிர்வாகமோ? வேண்டாம். நான் அந்த மனுசனிட்டை இந்தக் கடிதத்தையே குடுக்கப்போறன். என்ரை தம்பியே சொல்லாத பொய்யை நான் சொல்லமாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நித்தியானந்தன் தனியாக வந்தார். கடிதத்தை ஒருமுறை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை வாசித்தார். சிட்னி டொக்டரின் பேச்சுத்தான் இனி வரப்போகிறது என்று யோகராணி நினைத்தாள்.

"நல்ல நாள் ஒண்டு பாருங்கோ, தங்கச்சி."

"அண்ணை?"

"பொய் எழுத மனம் வராத பிள்ளை. என்ரை மகளுக்கு இதுக்கு மேலை என்ன வேணும்? அவளிட்டை நானே விசயத்தைச் சொல்லுறன்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனால் இந்தக் கடிதத்தைப் பற்றி என்ரை மனுசியிட்டை மட்டும் மூச்சு விடாதையுங்கோ. நான் தினமும் டையைக் கட்டிக்கொண்டு போய், பிஸ்கற் ஃபக்டரியிலை ரின்னுக்கு மூடி போடுறன் எண்டே அவவுக்கு இன்னும் தெரியாது."