கதவில் ஒரு கீறல்

மலைக்கோயில் வாசலில் காலை வெயில் கார் கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கிறது. வண்டிப் பூஜைக்கு மாலையும் எலுமிச்சம்பழமும் விற்கும் தணிகைவேல், நகரியிலிருந்து ஒரு தம்பதி ஓட்டிவந்த வெள்ளைக் காரைக் கண்டதும் கூடையை இறக்கி வைக்கிறான். பதினேழு வருஷம் அவன் கதவு மாட்டிய தொழிற்சாலையின் வண்டி; யாரோ ஓட்டிக் கைமாறி வந்திருக்கிறது. அங்கே செய்து முடித்த முதல் காரைப் பூஜைக்கு இதே மலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இப்போது தொழிற்சாலை கேட்டில் பூட்டு தொங்குகிறது. மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பெல்ட் பக்கிளின்மேல் சட்டையை இழுத்து விடுகிறான். பெயிண்டில் எதுவும் உரசக் கூடாதென்று அங்கே ஷிப்டுக்குள் நுழையுமுன் எல்லோரும் செய்துவந்தது அது. அப்புறம்தான் குனிந்து சக்கரங்களுக்கடியில் பழம் வைக்கிறான். "கம்பெனிய மூடிட்டாங்களாமே, ஸ்பேர் கெடைக்குமாப்பா?" என்கிறார் கார்க்காரர். "வேற யாரோ வாங்கப் போறாங்கன்னு பேசிக்கினு இருக்காங்க சார். கரண்ட்டு வண்டி செய்யப் போறாங்களாம்." அதற்குள் அவர் குருக்கள் பக்கம் திரும்பிவிடுகிறார். அவர் மனைவி, கைப்பிடிக்குக் கீழே நீளமாக ஓடும் கீறலை விரலால் தடவிப் பார்க்கிறாள். "கம்பெனிலயே இப்படித்தான் குடுத்திருப்பாங்க. அதான் மூடிட்டாங்க." கற்பூரம் அணைகிறது. பழங்கள் நசுங்குகின்றன. கண்ணாடி ஏறி, கார் இறக்கத்தில் திரும்பி மறைகிறது. தணிகைவேல் மோதிரமும் வாட்சும் இல்லாத வெறும் கையோடு நிற்கிறான். நசுங்கிய பழங்களைப் பார்த்தபடி மெல்லச் சொல்கிறான்: "அது எங்க கைல விழுந்தது இல்லம்மா."