பிந்தாத கார்

"சூரியன் பிந்தினாலும் பிந்தும், என்ரை கார் பிந்தாது. முப்பது வருசம். நானூறு கலியாணப் பொம்பிளையள். ஒருத்தியும் கோயிலுக்கு ஒரு நிமிசம் பிந்திப் போனதில்லை."

குருநகரில், கலியாண வீட்டு முற்றத்தில் நின்று செபநாயகம் இதைச் சொன்னபோது மணி எட்டு. ஒன்பதுக்குப் பூசை. சொல்லி முடித்து, தன் பழைய வெள்ளைக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கார் இருமியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமல்.

எட்டேகாலுக்கும் இருமல்தான். பெற்றோல் மணம் தெருவரைக்கும் போயிருந்தது.

"அண்ணை, பத்துக்கு வேறை கலியாணம் இருக்கு. நாங்கள் பிந்தினால் ஃபாதர் எங்களைப் பின்னேரத்துக்குத் தள்ளிப்போடுவார்" என்றார் பெண்ணின் தகப்பன் லெனாட். கழுத்துப்பட்டி அவரை இறுக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து, வீட்டில் போடும் சோட்டியும் தலையில் சுற்றிய துவாயுமாக ஒருத்தி இறங்கி வந்தாள்.

"பிள்ளை, உனக்கேன் இண்டைக்கு உந்த வேலை?" என்றார் லெனாட்.

அவள் காரின் பொனற்றைத் தூக்கினாள். "எஞ்சின் நல்லாச் சுத்துது. அப்ப பற்றரி சரி. பெற்றோல் மணக்குது. அப்ப பெற்றோலும் வருது. நெருப்புப் பொறிதான் இல்லை."

செபநாயகம் சிரித்தார். "பிள்ளை, உது மெஷின். நீ உள்ளை போய்ப் பொம்பிளையின்ரை முக்காட்டைப் பிடி. அதுக்குத்தான் பெண்டுகள் நீங்கள் சரி."

"அதைப் பிடிக்க ஆரும் கிடைப்பினம், அங்கிள். நேற்று எஞ்சினைக் கழுவினியளோ?"

"ஓம். கலியாணக் கார் எல்லோ? தண்ணியைப் பீச்சியடிச்சுப் பளபளவெண்டு வைச்சிருக்கிறன்."

"அதுதான்."

வயர்கள் எல்லாம் போய்ச் சேரும் கறுப்பு மூடியைக் கழற்றினாள். உள்ளே வியர்த்திருந்தது. "வள்ளத்து எஞ்சினுக்கும் உதே வருத்தம்தான். ஈரம் பட்டால் பொறி வராது."

துணியால் துடைத்தாள். பிறகு உள்ளே போய், தலைமுடி காயவைக்கும் மெஷினோடு வந்தாள். பின்னாலேயே அலங்காரம் செய்யும் பெண் ஓடி வந்தாள். "ஐயோ, அது பொம்பிளையின்ரை தலைக்கு!"

"தலை பொறுக்கும்" என்றாள் அவள், மூடிக்குள் சூட்டுக் காற்றைப் பிடித்தபடி.

மூடியைத் திரும்பப் பூட்டினாள். "அங்கிள், அக்சிலேற்றரை முழுக்க அமத்திக்கொண்டு ஸ்ராட் பண்ணுங்கோ."

கார் உறுமியது. செபநாயகம் பெருமையோடு வாசற்படலைவரை ஓட்டினார். அணைந்தது. திரும்ப எடுத்தார். திரும்ப அணைந்தது.

"இன்னும் முழுக்கக் காயேல்லை. அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுத்தால் நிண்டிடும். கோயில்வரைக்கும் நான் ஓடுறன்."

"நீயோ? அப்ப பொம்பிளை? வெளிக்கிட்டிட்டாவோ?"

"கால்வாசி. இருபது நிமிசத்திலை வருவா. அதுவரைக்கும் நீங்கள் காலை எடுக்காதையுங்கோ."

செபநாயகம் எடுக்கவில்லை. இருபது நிமிடமும் அமத்தியபடியே இருந்தார்.

ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்க, கார் கோயில் வாசலில் வந்து நின்றது. ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தது அவள்தான், மணப்பெண் பிரியந்தினி; நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய், துவாய் இருந்த தலையில் கலியாணக் கிரீடம். பக்கத்துச் சீற்றில் செபநாயகம், அவளின் வெள்ளை முக்காடு கியரில் சிக்காதபடி, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இருந்தார்.